மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் மகளுக்கு

மயிலாப்பூர்,
சென்னை.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய அவா.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் போகிற போக்கில் நீ சொன்ன ஒரு செய்தி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையைக் கொண்டுவந்த பிறகு, லக்சம்பர்க்கில் வேலை முடித்து நீ ட்ரியருக்குத் திரும்பும் பேருந்தைச் சில நாள்களில் போலீசார் நிறுத்தி ஆவணங்களைப் பார்க்கிறார்கள் என்றும், பத்து நிமிடத் தாமதத்துக்கே உடன் வருபவர்கள் கொதித்துப் போகிறார்கள் என்றும் சொன்னாய். இதற்கா இத்தனை கோபம் என்று நீ வியந்தாய். எனக்கோ அந்தக் கோபத்தின் மீது பொறாமையே வந்தது. மூன்று தலைமுறைக்கு முன் ஒருவரையொருவர் கொன்று குவித்த நாட்டார், எல்லையில் நிறுத்தப்படுவதையே அநியாயமாகக் கருதும் நிலைக்கு எப்படி வந்தார்கள் என்பதை, முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற உரிமையில் உனக்கு எழுதுகிறேன்.

உன் வீட்டுச் சன்னலில் தெரியும் மோசல் ஆறே பாதிக் கதையைச் சொல்லும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரான்சும் ஜெர்மனியும் மோதிக்கொண்டது நிலக்கரிக்காகவும் இரும்புக்காகவும்தான். ஜெர்மனிப் பக்கம் ரூர், சார் பகுதிகளின் கரி, பிரான்சுப் பக்கம் லொரைனின் இரும்புத்தாது. 1950 மே 9 அன்று பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் சூமான், சண்டைக்குக் காரணமான அந்த இரண்டு பொருள்களையும் பொதுவான ஓர் ஆணையத்தின் கீழ் வைப்போம் என்று அறிவித்தார். அவர் லக்சம்பர்க்கில் பிறந்து, ஜெர்மன் குடிமகனாக வளர்ந்து, முதல் உலகப்போருக்குப் பின் லொரைன் கைமாறியபோது பிரெஞ்சுக்காரரானவர். எல்லைக்கோடு நகர்ந்தால் மனிதர்களுக்கு என்ன நேரும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். மறு ஆண்டு ஆறு நாடுகள் பாரிஸில் ஒப்பந்தம் செய்தன. 1952இல் அந்த ஆணையம் நீ வேலை பார்க்கும் லக்சம்பர்க் நகரிலேயே பணி தொடங்கியது.

பாடநூல்கள் இத்தோடு நிறுத்திவிடும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிரான்சின் பிடியில் இருந்த சார் மாநிலத்து மக்களிடம் 1955இல் வாக்கெடுப்பு நடந்தது; தங்களுக்கென வகுக்கப்பட்ட ஐரோப்பிய ஏற்பாட்டை அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் நிராகரித்தார்கள். பிரான்ஸ் அதை ஏற்றது. 1957 சனவரி முதல் நாள் சார் ஜெர்மனியோடு இணைந்தது. அதற்கு ஈடாகப் பிரான்ஸ் கேட்டது, மோசல் ஆற்றைப் பெரிய படகுகள் செல்லும்படி மதகுகள் கட்டித் திருத்த வேண்டும் என்பதை. லொரைனின் உருக்காலைகளுக்கு ஆற்று வழியே கரி வர வேண்டும் என்பது அதன் நோக்கம். மூன்று நாடுகள் சேர்ந்து செய்த அந்த வேலை 1964 மே மாதத்தில் நிறைவேறியது. தாங்கள் சண்டையிட்ட அதே பொருளை மேசை மேல் வைத்துப் பேசியதால் கிடைத்தது அந்த நீர்வழி.

அதே 1964இன் டிசம்பரில்தான் நம் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. அதுவரை எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேரலாம். கொழும்பின் புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிய உன் தாத்தா, எழும்பூரில் எடுத்த ஒரே சீட்டில் கொழும்பு வரை போனதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது ஒரே பேரரசு இரு கரைகளையும் ஆண்டதால் கிடைத்த வசதி என்பதை நான் மறக்கவில்லை. இரண்டு சுதந்திர நாடுகள் தாமாக விரும்பிச் செய்துகொண்ட ஏற்பாடு அப்படி ஒன்றும் இன்றுவரை வரவில்லை.

1985ஆம் ஆண்டை நினைத்துப் பார். சூன் மாதம் ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் அதே மோசல் ஆற்றில், ஷெங்கன் என்ற சிற்றூரின் அருகே, ஒரு கப்பலில் அமர்ந்து எல்லைச் சோதனைகளைக் கைவிட ஒப்பமிட்டார்கள். டிசம்பர் 8 அன்று ஏழு நாட்டுத் தலைவர்கள் டாக்காவில் கூடித் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கைத் தொடங்கினார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதினவை. ஒன்று உன் பேருந்துப் பயணமாகிவிட்டது. மற்றொன்று 2014இல் காட்மாண்டுவில் கூடியதற்குப் பின் உச்சி மாநாடே நடத்தவில்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க இருந்தது, காஷ்மீரின் ஊரி என்ற இடத்தில் நடந்த தாக்குதலுக்குப் பின் கைவிடப்பட்டது.

சார்க்கில் ஒருமனதாகவே முடிவெடுக்க வேண்டும் என்ற விதியைத்தான் பலரும் குறை சொல்கிறார்கள். ஐரோப்பாவிலும் அந்தச் சிக்கல் இருந்தது. 1965இல் பிரான்சின் அதிபர் தெ கோல் ஐரோப்பியக் கூட்டங்களில் தம் நாட்டின் நாற்காலியை மாதக்கணக்கில் காலியாக வைத்தார். என் கருத்தில் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. இருதரப்புச் சிக்கல்களும் சர்ச்சைக்குரியவையும் விவாதத்துக்கு வரக்கூடாது என்று சார்க் சாசனமே சொல்கிறது. அண்டை நாடுகள் சேர்ந்துகொண்டு தன்னை நெருக்கும் என்று இந்தியாவும், இந்தியா தங்களை விழுங்கிவிடும் என்று மற்றவர்களும் அஞ்சிய காலத்தில், அந்த வரி இல்லாமல் அமைப்பே தோன்றியிருக்காது. மக்கள்தொகையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒரே நாட்டில் இருக்கும்போது அந்த அச்சம் இயல்பானதே. ஆனாலும் சண்டையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தவர்களுக்குப் பேச என்ன மிஞ்சும்?

பாக் நீரிணையைப் பார். 1974இலும் 1976இலும் கடலில் கோடு போட்டார்கள்; கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. ராமேசுவரத்து மீனவர் கைதாகிறார், படகு பறிபோகிறது. இதை நாம் உரக்கச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். நம் இழுவைமடிப் படகுகளால் யாழ்ப்பாணத்து மீனவரின் வலை அறுந்துபோவதை, அவரும் தமிழர்தான் என்பதை, நாம் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. அது எனக்கு வலிக்கிறது. ஐரோப்பிய மீன்வள அமைச்சர்கள் ஆண்டுதோறும் டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் கூடி, எந்தக் கடலில் யார் எவ்வளவு பிடிக்கலாம் என்று விடிய விடியச் சண்டையிடுகிறார்கள். அந்தச் சண்டை நம் கடலுக்கும் வேண்டும், கயல். அது நடக்க ஓர் அறையும் மேசையும் வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். பருவமழையால் சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் அமைதியாக இருக்கும் மாதம் பார்த்து நானும் அம்மாவும் போய்வர எண்ணியிருக்கிறோம். நீ ஒரு விடுமுறை நாளில் ஷெங்கனுக்குப் போய், அந்த ஆற்றைப் படமெடுத்து அனுப்பு. அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். அங்கிருந்து ஊருக்கு வருபவர் யாராவது இருந்தால் சொல், கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா