மொத்த எண் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

'பொது நுண்ணறிவு' என்பது மூளைக்குள் இருக்கும் ஒற்றை ஆற்றல் என நிரூபணமாகிவிட்டதுபோல எழுதியிருந்தது தங்கள் நாளிதழின் நேற்றைய கட்டுரை. 1904-இல் உளவியலாளர் ஸ்பியர்மேன் கண்டது, ஒரு சோதனையில் நன்றாகச் செய்பவர் பெரும்பாலும் மற்றவற்றிலும் நன்றாகச் செய்கிறார் என்ற ஒட்டுறவைத்தான். அதன் பின்னே ஒரே பொதுக் காரணி உண்டு என்பது அவர் தந்த விளக்கம். பல சிறு திறன்கள் வெவ்வேறு சேர்க்கைகளில் இயங்கினாலும் இதே ஒட்டுறவு கிடைக்கும் என்று உளவியலாளர் காட்ஃப்ரே தாம்சன் 1916-இலேயே பகடை உருட்டிக் காட்டிவிட்டார்! வளரும் பருவத்தில் திறன்கள் ஒன்றையொன்று தூக்கிவிடுவதாலும் இப்படி நேரலாம் என 2006-இல் உளவியலாளர் வான் டெர் மாஸ் குழுவினர் கணித மாதிரி அமைத்துக் காட்டினர். இவற்றில் எது சரி என்று காரணிப் பகுப்பாய்வு (மதிப்பெண்களின் ஒட்டுறவிலிருந்து பொதுக் காரணிகளைப் பிரித்தெடுக்கும் கணக்குமுறை) மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாது.

இது வெறும் ஏட்டு விவாதமல்ல. சிறப்புக் கல்வி ஆசிரியையான நான் பார்த்த ஒரு நுண்ணறிவுச் சோதனை அறிக்கையில், சிறுவனின் சொற்புரிதல் நன்றாகவும் செயல்வேகம் மிகக் குறைவாகவும் இருந்தன. பள்ளியோ மொத்த நுண்ணறிவு எண்ணை (IQ) மட்டும் பார்த்து, 'மெதுவாகக் கற்பவன்' என்று எழுதி வைத்திருந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது தேர்வில் கூடுதல் நேரம். குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையின் 2014 பதிப்பு, சொற்புரிதல், செயல்வேகம் போன்ற ஐந்து திறன்களுக்கான குறியீட்டு மதிப்பெண்களைத் தனித்தனியே தருகிறது. பெற்றோரிடம் கொடுக்கும் அறிக்கையில் அவற்றையும், மதிப்பெண் எவ்வளவு முன்பின் ஆகலாம் என்ற பிழை வரம்பையும் அச்சிடுவதைக் கல்வித் துறை கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகி, மதுரை