மயூரன் வரைந்த முகங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஹெரோயின் கடத்தல் வழக்கில் சிக்கிய ஒன்பது ஆஸ்திரேலியரில் கடைசி ஐவர் 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியா திரும்பினார்கள். அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் அந்த ஒன்பது பேரில் ஒருவரான, திரும்பி வராத மயூரன் சுகுமாரனின் நினைவும் கூடவே வருகிறது.

நான் யாழ்ப்பாணத்தில் சித்திரம் படிப்பித்தவன். 2017இல் சிட்னி கம்பல்டவுன் கலை மையத்தில் அவருடைய ஓவியக் கண்காட்சிக்கு மகளோடு போனேன். சுவரெல்லாம் அவர் முகம்தான். எண்ணெய் வண்ணத்தைத் தடிப்பாக அப்பி, அவசரமாக இழுத்த முகங்கள். சில இடங்களில் கை தடுமாறியிருக்கிறது, வாத்தியார் கண்ணுக்கு அது தெரியும். ஆனால் ரத்தம் வடியும் இந்தோனேசியக் கொடியின் முன்னால் நான் வாத்தியாராக நிற்கவில்லை.

அவர் பிடிபட்டது 2005 ஏப்ரல் 17, தன் 24ஆவது பிறந்தநாளில். குற்றம் சிறியதல்ல, 8 கிலோவுக்கும் மேல் ஹெரோயின். அதை நான் மறைக்கவில்லை. சரி, ஆனால் பத்து வருடத்தில் கெரொபோகன் சிறைக்குள் ஓவியக்கூடம் அமைத்து மற்றக் கைதிகளுக்கும் கற்றுக்கொடுத்த மனிதரை அல்லவா 2015 ஏப்ரல் 29 அன்று வேறு ஏழு பேரோடு நிறுத்திச் சுட்டார்கள்? மகனை விட்டுவிடுங்கள் என்று அவரின் தாய் கெஞ்சியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த ஓவியங்களை உங்கள் ஞாயிறு மலரில் ஒரு பக்கமாவது அச்சிடுங்கள், வண்ணத்தில்.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
சிட்னி