ஞானப்பல் எடுத்த தம்பிக்கு

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ பேசியதில் பாதி புரிந்தது, பாதி பஞ்சுக்குள் போய்விட்டது. புரிந்த வரையில் உன் குறை இதுதான்: எலும்பைச் சீவி ஞானப்பல்லை எடுத்துவிட்டு, வெறும் அட்விலும் டைலனாலும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "அமெரிக்காவில் இவ்வளவுதானாப்பா?" என்றாய். நம் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் பாடுவதும் இதே பாட்டுதான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாராசிட்டமால் அட்டையை எடுத்தால் போதும், "அது காய்ச்சலுக்குங்க, பவரா ஒண்ணு குடுங்க" என்பார்கள். இதைப் போனில் சொன்னால் நீ 'ம்ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதி வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

உன் டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அட்வில் என்பது இபுப்ரூஃபென். பல் எடுத்த இடத்தில் புண்பட்ட சதை புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. வீக்கமும் விண்விண்ணென்று தெறிப்பதும் அதனால்தான். அந்தச் சுரப்பை இபுப்ரூஃபென் அங்கேயே அடக்கும். டைலனால் நம் பாராசிட்டமாலேதான். அட்டையில் அசிட்டமினோஃபென் என்று போட்டிருப்பான். அது பெரும்பாலும் மூளை, தண்டுவடப் பக்கம் வேலை செய்கிறது. இரண்டுக்கும் வழி வேறு. அதனால் தனியாகப் போடுவதைவிடச் சேர்த்துப் போட்டால் வலி நன்றாகக் கேட்கும். ஞானப்பல் எடுத்தவர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2013-இல் காக்ரேன் குழு சொன்னதும் இதுதான். உங்கள் ஊர்ப் பல் மருத்துவச் சங்கமும் 2024 வழிகாட்டுதலில் இந்த மாத்திரைகளைத்தான் முதலில் வைத்திருக்கிறது. ஓபியாய்டு என்கிற அபின் வகை வலி மாத்திரைக்கு அப்புறம்தான் இடம். பல் எடுத்தபோது கொடுத்த ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டில் ஆரம்பித்து அதையே விட முடியாமல் போன பிள்ளைகள் அங்கே உண்டு. இங்கேயும் 2018-இல் அதே வகையான டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 'பவர்' கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

என் பயம் வேறு இடத்தில். நீ கிளம்பும்போது அம்மா பெட்டியில் காம்பிஃப்ளாம் அட்டை வைத்தாளே, அதை இப்போது தொடாதே. அதில் ஒரு மாத்திரைக்குள்ளேயே இபுப்ரூஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325-ம் இருக்கிறது. அங்கே கடையில் வாங்கும் அட்வில் ஒன்று 200. டாக்டர் சொன்னபடி இரண்டு அட்வில் போட்டு, வலி அடங்கவில்லை என்று மேலே ஒரு காம்பிஃப்ளாமும் போட்டால் ஒரே வேளையில் 800 ஆகிவிடும். வயிறும் கிட்னியும் என்ன செய்யும்? சளிக்கு வாங்கும் டேக்வில், நைக்வில்லிலும் அசிட்டமினோஃபென் இருக்கிறது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எல்லா மாத்திரையிலும் உள்ள அசிட்டமினோஃபென் சேர்த்து 4000 மில்லிகிராமே உச்சவரம்பு. தாண்டினால் ஈரல் கெடும். முதல் நாள் ஒன்றும் தெரியாது, அதுதான் அதில் ஆபத்து. பீர் பக்கமே போகாதே. நான் கேட்கவில்லை, சொல்கிறேன்.

மரப்பு விடுவதற்குள் முதல் வேளை போட்டாயா? இனி வலி வரட்டும் என்று காத்திருக்காமல், இரண்டு மூன்று நாளைக்கு மணி பார்த்துப் போடு. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி நேரத்தையும் மாத்திரையையும் எழுது. தூக்கக் கலக்கத்தில் போட்டதையே மறுபடி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில் அட்வில் வேண்டாம். உனக்குக் கேஸ்ட்ரிக் தொந்தரவு இருப்பதை டாக்டரிடம் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்.

அம்மா கிராம்பை நசுக்கி வைக்கச் சொல்வாள். சரி என்று சொல்லிவிட்டு வைக்காமல் இரு. திறந்த குழிக்குள் எதையும் திணிக்கக் கூடாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே, குழியில் உறைந்திருக்கும் ரத்தக் கட்டி பிடுங்கிக்கொள்ளும். ஆறிய கஞ்சி, தயிர்சாதம் போதும். போன வாரம் அனுப்பிய பார்சலில் தட்டுவடை இருக்கிறது, புண் ஆறும்வரை பிரிக்காதே.

வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறித்தான் இறங்கும், அதற்குப் பயப்படாதே. ஆனால் மூன்றாம் நாளுக்கு மேல் வலி குறையாமல் கூடினால், காது வரைக்கும் இழுத்தால், வாய் நாறினால் மாத்திரையைக் கூட்டாதே. குழி காய்ந்துபோயிருக்கும், டாக்டர்தான் கழுவி மருந்து வைத்து அடைக்க வேண்டும். காய்ச்சலோ, விழுங்க முடியாமலோ இருந்தால் அன்றைக்கே போய்விடு.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வா. எந்தப் பக்கக் கன்னம் வீங்கியிருக்கிறது என்று அம்மா பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா