வானம் தோண்டும் சத்தத்துக்கு நடுவே

பாளையங்கோட்டை,
ஞாயிறு சாயங்காலம்.

அன்புள்ள நண்பா,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கூடவே நீ அனுப்பிய புத்தகப் பொட்டலமும் வந்துவிட்டது. பதில் போடாமல் இருந்தது சோம்பலால் இல்லை. வீட்டில் கொத்தனார் வேலை. மாடிக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு வைத்து, மேலே வாடகைக்கு விடலாம் என்கிறான் மகன். என் வீட்டுக்காரியும் போனபிறகு இத்தனை பெரிய வீட்டில் நான் ஒருத்தன் என்ன செய்ய?

கொத்தனார் அஸ்திபாரத்துக்கு நாலடி வானம் தோண்டிவிட்டு, கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்தார். "இளக்கமா இருக்கு சார், இன்னும் ரெண்டடி போயாகணும்" என்றார். செலவு கூடுதே என்று முணுமுணுத்தேன். "மேல தெரியுறதுக்குன்னா அள்ளி விடுவீங்க, கீழ போறதுக்குத்தான் யாருக்கும் மனசு வராது" என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கிவிட்டார். அந்தக் குழி ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டுதான் உன் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தேன்.

"அஸ்திபாரங்களும் நிர்மூலமாகின்றதே, நீதிமான் என்னசெய்வான்?" என்று பதினோராம் சங்கீதத்தைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். ஆதியாகமம் முதல் அதிகாரம் ஆடினால் எல்லாம் ஆடிப்போகும், ஆகவே வாலிபப் பிள்ளைகள் காலேஜுக்குப் போகுமுன் சிருஷ்டிப்புக்கு விஞ்ஞான ஆதாரங்களைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்கிறாய். காலமெல்லாம் பிசிக்ஸ் நடத்திய நீ, தேவன் உலகத்தைப் படைத்தது ஆறே நாளில், நாளுக்கு 24 மணி நேரம் என்று நிற்கிறாய். தமிழ் வாத்தியார் நான் தயங்குகிறேன். நம் ஹாஸ்டலில் யாரிடமாவது இதைச் சொன்னால் ஆளை மாற்றிச் சொல்கிறாய் என்பார்கள்.

மே மாதம் திருச்சியில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்தேன். ஒருநாள் மருமகன் எங்களைப் பெரம்பலூர் பக்கம் சாத்தனூருக்குக் காரில் கூட்டிப்போனார். அங்கே ஒரு கல்மரம் கிடக்கிறது. 18 மீட்டருக்கு மேல் நீளம். வெட்டிச் சாய்த்துப் போட்ட தடி மாதிரியே, குறுக்கே வெடித்து வெடித்துக் கிடக்கிறது. தூரத்தில் பார்த்தால் மரம், கிட்டே போனால் கல். மறுபடி குனிந்து பார்த்தால் நார் ஓடுகிற வாக்கு தெரிகிறது, அப்போது திரும்பவும் மரம். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியலாளர் இதைப் பற்றி எழுதியபிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடலாம். ஆற்றில் அடித்துவந்த மரம் கடலடி மணலிலும் களிமண்ணிலும் புதைந்து கல்லாகிப்போனதாம். வயது ஏறக்குறைய 12 கோடி வருஷம்.

பேரனுக்குப் பத்து வயது. "தாத்தா, கோடிக்கு எத்தனை சைபர்?" என்றான். ஏழு என்றேன். விரல்விட்டு எண்ணினான். "சண்டே ஸ்கூல்ல உலகத்துக்கே ஆறாயிரம் வருஷம்தான்னு சொன்னாங்களே?"

நீ அனுப்பிய புத்தகங்களில் இதற்குப் பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நோவா காலத்து ஜலப்பிரளயம் என்று சொல்லியிருக்கலாம். நான் அதைவிடச் சாமர்த்தியமாக, "ஆதாமைக் குழந்தையாகவா படைத்தார்? ஆளாகத்தானே படைத்தார்? அதே மாதிரி கல்லையும் வயசான கல்லாகவே படைத்திருக்கலாம்" என்றேன். அவன் கொஞ்சநேரம் அந்தத் தடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏசப்பா எதுக்கு நம்மள ஏமாத்தணும்?" என்றான். மருமகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னுடைய சாமர்த்தியம் பழைய சரக்கு, நண்பா. பிலிப் காஸ் என்ற இங்கிலாந்துக்காரர், கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்தவர், உத்தம விசுவாசி, இதையே 1857இல் ஒரு புத்தகமாக எழுதினார். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருந்திருக்கும். அப்படியே பூமியும் நடக்காத பழங்காலத்தின் தடயங்களோடு படைக்கப்பட்டது என்றார். விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை, சபையாரும் ஏற்கவில்லை. அவருடைய நண்பரும் குருவானவருமான சார்லஸ் கிங்ஸ்லி, தேவன் பாறைகளில் இவ்வளவு பெரிய பொய்யை எழுதிவைத்தார் என்று என்னால் நம்பமுடியாது என்று பதில் எழுதினாராம். என் பேரன் சொன்னதும் அதுதானே.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால், பிள்ளைகளுக்கு லீவில் நடத்துகிற வேதாகமப் பள்ளியான வி.பி.எஸ்.ஸில் நான் சிருஷ்டிப்பு பாடம் நடத்தியபோது ஒரு பையன் எழுந்து, "சூரியன் நாலாம் நாள்தானே சார் வந்தது, அப்போ முதல் மூணு நாளும் எப்படி சாயங்காலமும் விடியற்காலமும் வந்தது?" என்று கேட்டான். குதர்க்கம் பேசாதே என்று சொல்லி, பாடம் முடியும்வரை நிற்கவைத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் இதே கேள்வியை எழுதிவைத்திருக்கிறார் என்று எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. சபைப்பிதா கேட்ட கேள்விக்கு ஒரு சின்னப் பையனை நிற்கவைத்திருக்கிறேன்.

பழைய காலத்து ஆயர் அகுஸ்தீனைப் பார். வானத்தையும் பூமியையும் படைக்குமுன் தேவன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறவர்களுக்கு, "இப்படித் தோண்டித் துருவுகிறவர்களுக்காக நரகத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார்" என்று ஒரு கேலிப் பதில் அந்தக் காலத்திலேயே உலவியிருக்கிறது. நான் அப்படிச் சொல்லமாட்டேன், ஆழமான கேள்வியைக் கேட்டவனைக் கேலி செய்வதைவிடத் தெரியாது என்று சொல்லிவிடுவது மேல் என்று எழுதுகிறார். அவ்வளவு பெரிய ஆயருக்கு அது வாயில் வந்தது. எனக்கு வரவில்லை.

ஆறாயிரம் என்ற கணக்கும் வேதத்தில் எங்கும் வசனமாக இல்லை. அயர்லாந்தின் அர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர் வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கழித்து, கி.மு. 4004 அக்டோபர் என்று 1650இல் வெளியிட்டார். பிற்பாடு அந்த வருஷம் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகி, ஓரத்தில் இருந்தது வசனத்துக்குச் சமமாகிவிட்டது. அந்த மனுஷர் சாதாரணப் படிப்பாளி இல்லை, அவரைக் கேலி செய்ய எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அவர் கணக்கு என் விசுவாசத்தில் சேராது.

அப்போ நான் எதை விசுவாசிக்கிறேன் என்று கேட்பாய். எபிரெயர் பதினொன்றின் மூன்றாம் வசனத்தை எடு. "விசுவாசத்தினாலே நாம் உலகங்கள் தேவனுடைய வார்த்தையினால் உண்டாக்கப்பட்டதென்றும், இவ்விதமாய், காணப்படுகிறவைகள் தோன்றப்படுகிறவைகளால் உண்டாகவில்லையென்றும் அறிந்திருக்கிறோம்." தமிழ் வாத்தியாராக இதைப் பார்க்கிறேன், பொறுத்துக்கொள். "விசுவாசத்தினாலே" என்பது மூன்றாம் வேற்றுமை, கருவிப்பொருள். கண்ணினால் கண்டான் என்பதைப்போல, விசுவாசத்தினால் அறிந்தோம். அறிந்ததினாலே விசுவாசித்தோம் என்று எழுதவில்லை. நீயோ பிள்ளைகளுக்கு முதலில் அறிவைக் கொடுத்து, அதன்மேல் விசுவாசத்தைக் கட்டப்பார்க்கிறாய். அஸ்திபாரத்துக்கு யாராவது முட்டுக்கொடுப்பார்களா? சுவருக்கு முட்டுக்கொடுக்கலாம், கூரைக்குக் கொடுக்கலாம். அஸ்திபாரத்துக்கே முட்டு வேண்டுமென்றால் அது அஸ்திபாரம் இல்லை. ஞாயிறுதோறும் சபையாக எழுந்துநின்று நாம் சொல்வதும் "விசுவாசிக்கிறேன்" என்றுதான். நிரூபித்துவிட்டேன் என்று இல்லை.

ரோமர் முதலாம் அதிகாரத்தைக் காட்டுவாய் என்று தெரியும். உண்டாக்கப்பட்டவைகளினாலே தேவனுடைய நித்திய வல்லமை தெளிவாய்க் காணப்படும் என்று பவுல் சொல்கிறாரே என்பாய். சொல்கிறார். வல்லமையும் தேவத்துவமும் தெரியும் என்கிறார். தேதி தெரியும் என்று சொல்லவில்லையே. அந்தக் கல்மரத்துக்கு முன் நின்றபோது எனக்கு வல்லமை தெரிந்தது, பொய் சொல்லவில்லை. ஏற்கனவே அவரை அறிந்தவனாகப் போய் நின்றதால் தெரிந்தது. பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பையன்களுக்கு அது வெறும் கல்.

இந்த விஷயத்தில் உன் ஆள் ஒருவரையே சாட்சிக்கு அழைக்கிறேன். ஜார்ஜ் லெமைத்ர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்க குரு, உன்னைப்போல் பிசிக்ஸ்காரர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலும், எல்லாம் ஒரு ஆதி அணுவிலிருந்து புறப்பட்டது என்று 1931இலும் எழுதியவர். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்ற வார்த்தைக்கு விஞ்ஞானமே சாட்சி சொல்லிவிட்டது என்கிற தொனியில் பேசினார். சந்தோஷப்பட வேண்டிய லெமைத்ருக்கு மனவருத்தம். என் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது என்பது அவர் நிலை. அந்தச் சமயத்தில் ஃப்ரெட் ஹாயில் போன்றவர்கள் பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஜெயித்திருந்தால் ஆதியாகமத்தை மடித்து வைத்துவிட வேண்டியதுதானா? 1966இல் லெமைத்ர் சாகக்கிடந்தபோது, தன் கொள்கைக்கு ஆதாரமாக, பிரபஞ்சம் முழுவதும் பரவியிருக்கிற பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அவருக்கு எட்டியது. அதற்கு முன்னாலும் அவர் பூசை வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

குருட்டு நம்பிக்கை என்கிறாயா? இரு. எதிர்வீட்டுக் கத்தோலிக்க அம்மாவிடம் வேதாகமம் இரவல் வாங்கி, நம் வேதாகமத்தில் இல்லாத மக்கபேயர் இரண்டாம் நூலைப் படித்தேன். ஏழாம் அதிகாரம். அந்தியோக்கு அரசன் ஒரு தாயின் கண்ணெதிரே ஏழு மகன்களையும் ஒவ்வொருவராகக் கொல்கிறான். கடைசிப் பையனையாவது பிழைக்கச் சொல்லிப் புத்தி சொல்லு என்று தாயை அழைக்கிறான். அவள் குனிந்து, மகனே, வானத்தையும் பூமியையும் பார், ஏற்கனவே இருந்தவற்றைக்கொண்டு தேவன் இவற்றை உண்டாக்கவில்லை, மனுஷகுலமும் அப்படித்தான் உண்டாயிற்று, ஆகவே பயப்படாதே, சாவை ஏற்றுக்கொள், உன்னைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன் என்று சொல்கிறாள். ஒன்றுமில்லாமையிலிருந்து சிருஷ்டிப்பு என்பதை நம் ஆட்கள் பெரிய தத்துவமாக்கி எத்தனை புத்தகம் எழுதியிருக்கிறார்கள்! அதை அத்தனை வெளிப்படையாகச் சொன்ன பழைய வாய்களில் ஒன்று, பிள்ளையைப் பறிகொடுக்கப்போகிற ஒரு தாயின் வாய்.

பவுலும் அதே இரண்டையும் ஒரே மூச்சில் சேர்க்கிறார். ஆபிரகாம் விசுவாசித்தது "மரித்தோரை உயிர்ப்பித்து, இல்லாதவைகளை இருக்கிறவைகளைப்போல் அழைக்கிற" தேவனை. போன வருஷம் கல்லறைத் தோட்டத்தில் குருவானவர் "மண்ணுக்கு மண்" என்று சொல்லி, நான் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டபோது எனக்கு இந்த வசனம்தான் வந்தது. நீயும் பக்கத்தில் நின்றாய், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு எனக்கு உலகத்தின் வயது தேவைப்படவில்லை. இல்லாததைக் கூப்பிட்டு இருக்கவைக்கிறவர் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் தேவைப்பட்டது. இருக்கிறார் என்று எனக்கு யாரும் நிரூபிக்கவில்லை. மற்ற காரியங்களில் அவரோடு பழகியிருந்தேன், அந்தப் பழக்கத்தை வைத்து இதையும் நம்பினேன்.

நீ ஆறு நாள் என்று விசுவாசித்தால் எனக்கு அதில் சண்டை இல்லை. கூரையில் ஓடா காங்கிரீட்டா என்று நாம் இரண்டு பேரும் வாதாடலாம். அஸ்திபாரம் ஒன்றுதான்.

உன் புத்தகங்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஒன்றில் ஐஸ்கட்டி யுகத்தைப் பற்றி நல்ல படங்கள் இருக்கின்றன, பேரனுக்குக் கொடுப்பேன். அவன் நேற்று போன் பண்ணி, அந்தக் கடலில் என்னென்ன மீன் இருந்தது என்று கேட்டான். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சுருள் சுருளாகச் சங்கு மாதிரி புதைபடிவம் கிடைக்குமே, அதைச் சொன்னேன். மீதியைக் கோயம்புத்தூர் தாத்தாவிடம் கேள் என்று சொல்லிவிட்டேன். தயாராக இரு, அவன் சைபர் எண்ணுகிற பையன்.

அடுத்த வி.பி.எஸ்.ஸுக்கு நீ இங்கே வந்துவிடு. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, மாடி அதற்குள் முடிந்துவிடும். கடைசி நாள் நாம் இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்துகொள்வோம், பிள்ளைகள் கேட்கட்டும். நீ ஒன்று சொல், நான் ஒன்று சொல்கிறேன். இந்தத் தடவை யாரையும் நிற்கவைக்கமாட்டேன்.

கருங்கல் ஜல்லி லாரி வந்து தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுக்கமுடியாமல் ஹாரன் அடிக்கிறார். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்