பொறியியல் கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலர்களுக்கு: அந்த மாதிரிப் படிவத்தைக் கைவிடுங்கள்

மதிப்பிற்குரிய பிளேஸ்மென்ட் அலுவலர்களுக்கு,

வணக்கம். கோவையில் பம்பு உதிரிபாகங்கள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் புதிய பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஆண்டுதோறும் ஏழாம் பருவம் தொடங்கியதும் உங்கள் கல்லூரிகளிலிருந்து ரெஸ்யூமேக்கள் கட்டுக்கட்டாக வந்து சேர்கின்றன. பெயரையும் பதிவெண்ணையும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாத அளவுக்கு, ஒரே கல்லூரியிலிருந்து வருபவை அச்சில் வார்த்தாற்போல் இருக்கின்றன. இதற்கு மாணவர்களைக் குறைசொல்வதில் நியாயமில்லை. அவர்கள் கையில் நீங்கள் கொடுக்கும் மாதிரிப் படிவமே காரணம் என்று கருதுவதால்தான் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் படிவம் உங்களுக்குப் பழக்கமானதுதான். சவால் நிறைந்த சூழலில் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புவதாக முதலில் ஒரு குறிக்கோள். அடுத்து பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் அட்டவணை. கடின உழைப்பாளி, விரைவாகக் கற்பவர் என்று சில குணங்கள். பிறகு தந்தை பெயர், அவர் தொழில், மதம், சாதிப் பிரிவு, திருமண நிலை. முடிவில் மேற்கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழியும் இடமும் தேதியும் கையொப்பமும். அரசு வேலைக்கான விண்ணப்பத்தைப் பார்த்து எவரோ எப்போதோ உருவாக்கியது, கல்லூரிக்குக் கல்லூரி நகலாகிக்கொண்டே வருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் சாதிப் பிரிவைக் கேட்பதற்கு இடஒதுக்கீடு என்ற தக்க காரணம் இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் டிசைன் இன்ஜினியர் வேலைக்கு அந்த விவரத்தால் ஒரு பயனும் இல்லை. தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று ஒரு மாணவி எழுதும்போது, அதை வாசிப்பவர் மனத்தில் என்ன ஓடும் என்பதற்கு நீங்களோ நானோ உத்தரவாதம் தர முடியாது. அந்த ஐந்தாறு வரிகளை நீக்குவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

இருக்கக் கூடாதவை இருப்பதைவிட, இருக்க வேண்டியவை இல்லாமற்போவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. சென்ற முறை நேர்காணலுக்கு வந்த ஒரு மெக்கானிக்கல் மாணவருக்குச் சதவீதம் சுமார்தான். ரெஸ்யூமேயிலும் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. மேசையில் கிடந்த பம்பு ஷாஃப்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர், பேரிங் உட்காரும் இடத்தில் மட்டும் கிரைண்டிங் செய்திருப்பதையும் மற்ற இடங்களை லேத்தில் கடைந்ததோடு விட்டிருப்பதையும் தாமாகவே சொன்னார். விசாரித்தபோது, பிளஸ் ஒன் படித்த காலத்திலிருந்து விடுமுறைதோறும் கோவை கணபதிப் பகுதியில் உள்ள மாமாவின் லேத் பட்டறையில் வேலை செய்துவருகிறார் என்று தெரிந்தது. மைக்ரோமீட்டர் பிடிக்கவும் வரைபடத்தில் உள்ள டாலரன்ஸை (அளவில் அனுமதிக்கப்படும் ஏற்றத்தாழ்வை) பார்த்து வேலையைத் திட்டமிடவும் அங்கேதான் கற்றிருக்கிறார். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, “காலேஜ் ஃபார்மேட்ல அதுக்கு இடம் இல்ல சார்” என்றார். ஐந்து நாள் இன்பிளான்ட் டிரெயினிங் என்ற பெயரில் ஒரு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததற்கு மட்டும் அதே ஃபார்மேட்டில் தனித் தலைப்பே இருந்தது.

இறுதியாண்டு புராஜெக்ட் பகுதியும் இப்படித்தான். சூரிய ஒளியில் இயங்கும் புல்வெட்டும் கருவி என்ற தலைப்பும் அதன் கீழ் அறிக்கையிலிருந்து எடுத்த நான்கு வரிகளும், குழுவிலிருந்த நால்வரின் ரெஸ்யூமேயிலும் எழுத்து மாறாமல் இருக்கும். புல்லை எப்படி வெட்டுவது என்று எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த நால்வரில் இவர் செய்தது என்ன என்பதே வேண்டும். மோட்டாரின் திறனைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுத்தது யார், முதலில் பொருத்திய பிளேடு அதிர்ந்தபோது அதைச் சரிசெய்தது யார், முழு சார்ஜில் எத்தனை நிமிடம் ஓடியது என்று அளந்து பார்த்தார்களா என்பவற்றுக்கு விடையாக இரண்டே வரிகள் இருந்தால், நேர்காணலில் முதல் கேள்வியை அங்கிருந்தே தொடங்குவேன். (கருவியையே புராஜெக்ட் சென்டரில் விலைக்கு வாங்கியிருந்தால் எழுத ஒன்றும் இருக்காது என்பது உண்மைதான், அதற்குத் தனியாக வேறொரு மடல் வேண்டும்.)

சான்றிதழ்களிலும் எடைபோடும் வழக்கம் வேண்டும். ஐஐடி போன்ற நிறுவனங்கள் இணையவழியில் நடத்தும் என்பிடெல் பாடங்களின் சான்றிதழில் 75 சதவீத மதிப்பெண் தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்விலிருந்து வருகிறது. மதிப்பெண்ணோடு எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. காணொலியை ஓடவிட்டாலே கிடைத்துவிடும் சான்றிதழ்களை அதன் பக்கத்தில் வரிசையாக அடுக்கும்போது நல்லதும் சேர்ந்து மங்கிவிடுகிறது. தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் பயிற்சியை வகுப்பு முழுவதும் எடுத்திருக்கும்போது, பயிற்சியின் பெயர் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. அதில் அவர் செய்து முடித்த வேலைதான் காட்டும்.

நிறுவனங்கள்தாம் ஒரே வடிவத்தில் கேட்கின்றன என்று நீங்கள் சொல்லக்கூடும். பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளை வைப்பவர்கள் நாங்கள்தாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த விவரங்கள் அனைத்தும் நீங்கள் முன்கூட்டியே அனுப்பும் எக்செல் பட்டியலில் வந்துவிடுகின்றன. வடிகட்டுவதும் அதை வைத்துத்தான். எனவே ரெஸ்யூமேயும் அதே பட்டியலின் இன்னொரு நகலாக இருக்க வேண்டிய தேவையில்லை. பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் மென்பொருள் படிப்பதால், எளிய ஒற்றை நெடுவரிசை அமைப்பும் வழக்கமான தலைப்புகளும் நல்லவை. கட்டங்களுக்குள்ளும் படங்களுக்குள்ளும் இருக்கும் எழுத்தை அது தவறவிடுவதுண்டு. ஸ்கேன் செய்த பிடிஎஃப் பல நேரங்களில் அதற்கு வெற்றுப் படம்தான்.

இப்போது மாணவர்கள் பலர் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்குகிறார்கள். ஆங்கிலம் பிழையின்றி வருகிறது; எல்லாருடைய குறிக்கோளும் முன்பைவிட அலங்காரமாக, முன்பைப் போலவே ஒன்றாக இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு மொழித் துணை தேவைதான், அதை நான் குற்றமாகக் கருதவில்லை. ஆனால் பட்டறையில் என்ன செய்தாய் என்று அவர்களைக் கேட்டு வாங்க ஓர் ஆள் வேண்டும்.

இங்கே உங்களிடம் ஒரு குறிப்பான வேண்டுகோள். பெரும்பாலான கல்லூரிகளில் ரெஸ்யூமேயைத் திருத்துபவர் வெளியிலிருந்து இரண்டு நாள் வகுப்பெடுக்க வரும் சாஃப்ட் ஸ்கில்ஸ் பயிற்சியாளர். அவரால் இலக்கணத்தைத் திருத்த முடியும், மாணவர் செய்ததையும் செய்யாததையும் அறிய முடியாது. ஆறாம் பருவத்திலேயே அந்தப் பொறுப்பைத் துறை ஆசிரியர்களிடமும் லேப் பொறுப்பாளர்களிடமும் ஒப்படையுங்கள். ஒரு மாணவருக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, கல்லூரிக்கு வெளியே செய்த வேலை எதுவாயினும், அது மளிகைக்கடைக் கணக்கானாலும், கேட்டறிந்து எழுதச் சொல்லுங்கள். எழுதிய ஒவ்வொரு வரியையும் பற்றி இரண்டு நிமிடம் பேச முடியாவிட்டால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். அப்படித் தயாரான ரெஸ்யூமே ஒரு பக்கத்துக்கும் குறைவாக இருந்தாலும் எங்கள் மேசையில் அது முழுமையாகப் படிக்கப்படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோவையிலிருந்து ஓர் ஆள்தேர்வு அலுவலர்