கணக்கை விபத்துக்கு முன்னால் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிருக்கு விலை போடலாமா என்று கேட்டால் பலருக்கும் கோபம் வரும், எனக்கும் வந்ததுதான். ஆனால் நம் நாட்டில் தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்ன, ஆள் செத்த பிறகு போடுகிறார்கள்.

எங்கள் தெருக்காரர் ஒருவர், 38 வயது, டிவிஎஸ் எக்ஸெல்லில் பால் கேனைக் கட்டிக்கொண்டு விடிகாலை இருட்டில் நான்குவழிச் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோனார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அவர் மனைவியோடு நானும் அலைந்ததால் கணக்கு எனக்கு மனப்பாடம். மாத வருமானம் 18,000. சொந்தத் தொழில், 40 வயதுக்குள், எனவே எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்டி 25,200. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நாலு பேர் அவரை நம்பி இருந்ததால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு போக 18,900. ஆண்டுக்கு 2,26,800. இதை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதைப் பொறுத்து ஒரு பெருக்கல் எண் உண்டு, அவர் வயதுக்கு 15. ஆக 34,02,000, அதற்கு மேல் ஈமச்சடங்குக்கும் மற்றதற்கும் கொஞ்சம். 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த முறை இது. அதே லாரி நிற்காமல் ஓடி, நம்பரும் தெரியாமல் போயிருந்தால் 2 லட்சம். 2022 ஏப்ரலுக்கு முன்பு என்றால் வெறும் 25,000!

சரி, அந்த இடத்தில் விளக்கு வையுங்கள், வேகத்தைக் குறைக்க ஏதாவது செய்யுங்கள் என்று அதற்கு இரண்டு வருடம் முன்பே ஊர் சார்பில் மனு கொடுத்தோம். நிதி இல்லை என்றார்கள். கேட்ட வேலை எல்லாம் சேர்ந்தாலும் 34 லட்சத்தைத் தொட்டிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அந்த 34 லட்சம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வருகிறது, அதாவது வண்டி வைத்திருக்கும் நாம் எல்லோரும் கட்டும் பிரீமியத்திலிருந்து. சாலையைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தின் கணக்கில் ஒரு பைசா குறையவில்லை, அப்புறம் அவர்களுக்கு என்ன அவசரம்?

அதோடு, தீர்ப்பாயக் கணக்கு குடும்பம் இழந்த வருமானத்தைத்தான் அளக்கிறது. 65 வயது தாண்டியவருக்குப் பெருக்கல் எண் வெறும் 5. சாலை போடுகிறவர்களுக்கு வேண்டிய கணக்கு வேறு. ஒரு லட்சம் பேர் உள்ள ஊர், சாலையைச் சரிசெய்தால் வருடத்துக்கு ஒரு சாவு குறையும், அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அதற்காக ஆளுக்கு வருடம் 500 ரூபாய் தரத் தயார் என்றால், அந்த ஊர் ஒரு உயிருக்கு 5 கோடி வைக்கிறது என்று அர்த்தம். இப்படி வரும் தொகையைத்தான் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023-க்கு 1.32 கோடி டாலர் என்று வைத்திருந்தது. பணக்காரன், ஏழை, கிழவன், குமரன் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தொகை, எனக்குப் பிடித்ததே அதுதான்.

நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. சாலையை அகலப்படுத்தும்போது மிச்சமாகும் டீசலுக்கும் நேரத்துக்கும் ரூபாயில் மதிப்புப் போடுகிறார்கள், சாலைகளுக்கான தரமுறைகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் கையேடு விபத்துச் செலவையும் சேர்க்கச் சொல்கிறது. பெரிய திட்டங்களோடு அது நின்றுவிடுகிறது. 2022-இல் நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பேர் 18 முதல் 45 வயதுக்காரர்கள். ஒரு விளக்குக்கும் ஒரு வேகத்தடைக்கும் போடும் எஸ்டிமேட்டில்கூட, இதனால் எத்தனை உயிர் மிஞ்சும், அதன் மதிப்பு இவ்வளவு என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். அப்போது 'நிதி இல்லை' என்று எழுதுகிறவர் எவ்வளவு தொகையை வேண்டாம் என்கிறார் என்பது அந்தக் காகிதத்திலேயே தெரியும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் தமிழக அரசின் திட்டம் நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன். ஆனால் அதுவும் அடிபட்ட பிறகு வருவது.

அவர் இறந்த மறுவாரம் அங்கே இரண்டு பழைய தார் டிரம்மை வைத்து சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். விளக்கு இன்னும் வரவில்லை. எங்கள் மனுவின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விழுப்புரம் மாவட்டம்