மூச்சுப் பயிற்சி இருக்கட்டும், ஆள் எங்கே?

ஆசிரியருக்கு,

வணக்கம். செவிலியர் தினத்தை ஒட்டி, ஐ.சி.யூ. ஊழியர்களின் மன அழுத்தம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மூச்சுப் பயிற்சி, தியானம், நல்ல தூக்கம் என்று யோசனைகள் நிறைய. சரி, டபுள் டியூட்டி பார்க்கிறவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர், விடுப்பை ஈடுகட்ட மேற்கொண்டு 30 சதவீதம் பேர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறை. நான் பார்த்த நைட் டியூட்டிகளில் மூன்று நோயாளிகள் ஒருத்தி தலையில்தான். வென்டிலேட்டரில் இருப்பவருக்குச் சளியை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போட்டுக்கொண்டிருப்போம். பக்கத்து பெட்டில், ரத்த அழுத்தம் இறங்காமல் பிடித்து வைக்கும் நார்அட்ரினலின் மருந்து தீரப்போகிறது என்று அதைச் செலுத்தும் பம்ப் கத்தும். கையிலிருப்பதைப் பாதியில் விட முடியாது, அங்கே பிரஷர் இறங்கவும் விடக் கூடாது. இதற்குத் தியானம் என்ன செய்யும்?

அப்புறம் இந்த அலாரம். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மானிட்டரில் அடிப்பதில் பெரும்பாலானவை பொய் அலாரம்தான். விரலில் மாட்டிய கிளிப் நழுவினால் அடிக்கும், நோயாளி புரண்டால் அடிக்கும், நெஞ்சில் ஒட்டிய எலெக்ட்ரோடு காய்ந்தாலும் அடிக்கும். கேட்டுக் கேட்டுக் காது மரத்து, நிஜ அலாரத்தைக் கோட்டைவிட்டுவிடுவோமோ என்ற பயம்தான் ஆளைத் தின்னும். எலெக்ட்ரோடை தினமும் மாற்றி, அலார வரம்பை அந்தந்த நோயாளிக்கு ஏற்றபடி வைத்தாலே சத்தம் நன்றாகக் குறையும். ஆனால் எலெக்ட்ரோடுக்குக் கணக்குப் பார்க்கும் நிர்வாகம், யோகா வகுப்புக்குப் போட்டோகிராபரை மட்டும் தவறாமல் கூப்பிடும்!

வெளியே காத்திருக்கும் உறவினர்களின் கோபமும், பில் கோபம் உட்பட, சிஸ்டர் மேல்தான் இறங்கும். டாக்டர் தினமும் ஒரு குறித்த நேரத்தில் வந்து அவர்களிடம் பேசினாலே பல சண்டைகள் வராது.

இந்த ஷிஃப்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள் என்று ஐ.சி.யூ. வாசலில் பலகை வைக்கும்படி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். அடுத்த செவிலியர் தினத்துக்கு உங்கள் நிருபர்கள் அந்தப் பலகைகளைப் படம் எடுத்துப் போடலாம்.

– ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி